காந்தம் ஒட்டாத எஃகைக் காந்தம் கலக்கும் விதம்

இரும்பு 770 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் தன் காந்த இயல்பை இழந்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு வலிய காந்தத்தை அருகில் கொண்டுசென்றாலும் அது இழுபடாது. எஃகு வார்க்கப்படும் வெப்பநிலையோ 1,500 டிகிரியை ஒட்டியது. ஆயினும், செப்பு அச்சுக்குள் இறங்கும் உருகிய எஃகைத் தொடாமலே சுழற்றுவதற்காக அச்சைச் சுற்றி மின்காந்தச் சுருள்களைப் பொருத்துவது உலகெங்கும் எஃகு ஆலைகளில் பல பத்தாண்டுகளாக நிலைபெற்ற வழக்கம். இழுக்க முடியாத ஒன்றைக் காந்தம் எப்படிச் சுழற்றுகிறது, சுழற்றுவதால் எஃகுக்கு என்ன கிடைக்கிறது, எந்த இடத்தில் அந்த நன்மை கேடாக மாறுகிறது என்பவை உலோகவியலாளருக்கு மட்டும் உரிய கேள்விகள் என்று தோன்றலாம். எஃகின் பெரும்பகுதியை இறக்குமதி செய்து, சான்றிதழைப் பார்த்துத் தரத்தை எடைபோடும் சிங்கப்பூரில், பொறியாளரும் கொள்முதல் அலுவலரும் இவற்றைத் தெரிந்துவைத்திருப்பதில் பயன் உண்டு.

முதலில் வார்ப்பு நடக்கும் முறை. இன்று எஃகின் மிகப் பெரும்பகுதி தொடர் வார்ப்பில்தான் உருப்பெறுகிறது. உலையில் உருகிய எஃகு லேடில் எனப்படும் பெருங்கொப்பரையில் வந்து, டண்டிஷ் என்ற இடைத்தொட்டியில் இறங்கி, அங்கிருந்து நீரால் குளிரூட்டப்படும் செப்பு அச்சுக்குள் பாய்கிறது. அச்சின் சுவரைத் தொட்ட எஃகு மெல்லிய ஓடாக இறுகுகிறது. அந்த ஓட்டைக் கீழிருந்து இழுத்துக்கொண்டே இருக்க, மேலிருந்து திரவம் நிரம்பிக்கொண்டே இருக்கிறது. 130 மில்லிமீட்டர் சதுரமுள்ள பில்லெட் எனும் எஃகுக் கட்டை நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் இறங்கினால், அச்சை விட்டு வெளிவரும்போது அதன் ஓடு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே கனத்திருக்கும். உள்ளே இருப்பது முழுவதும் திரவம். அந்தத் திரவ மையம் முற்றிலும் இறுகி முடிய ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கட்டை ஏறத்தாழ 16 மீட்டர் நகர்ந்திருக்கும். எஃகின் வேதிக் கலவை கொப்பரையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஆனால், அந்தக் கலவை கட்டையின் குறுக்கே எப்படிப் பரவி நிற்கும் என்பது இந்த ஐந்து நிமிடத்தில்தான் முடிவாகிறது. மின்காந்தக் கலக்கல் வேலை செய்வது இந்த இடைவெளியில்.

எஃகு ஒரே வெப்பநிலையில் சட்டென்று உறைவதில்லை. முதலில் இறுகும் பகுதி கார்பன், கந்தகம், பாஸ்பரஸ், மாங்கனீசு ஆகியவற்றில் ஒரு பகுதியைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் திரவத்துக்குள் தள்ளிவிடுகிறது. சிரப் ஊற்றி உறையவைத்த குச்சி ஐஸில் ஓரங்கள் வெளிறிச் சப்பென்றும் நடுப்பகுதி நிறமும் இனிப்பும் மிகுந்தும் இருப்பதற்கு என்ன காரணமோ அதுவேதான் இங்கும் காரணம். திண்மமும் திரவமும் ஒரு தனிமத்தை எந்த விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன என்பது தனிமத்துக்குத் தனிமம் வேறுபடும். மாங்கனீசின் பெரும்பகுதி திண்மத்திலேயே தங்கிவிடும். கார்பன், முதலில் தோன்றும் டெல்டா இரும்பு எனும் படிக வடிவத்துக்குள் திரவத்தில் உள்ளதன் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே இடம் பிடிக்கிறது. கந்தகத்துக்கு இருபதில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. எனவே உறைதல் உள்நோக்கி நகர நகர, எஞ்சிய திரவத்தில் இவை செறிந்துகொண்டே போகின்றன. கடைசித் துளி உறையும் இடமான நடுவச்சில் அவை திரண்டு நிற்கின்றன. இதையே மையத் திரட்சி என்கிறோம்.

உறையும் வடிவமும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஓட்டிலிருந்து வெப்பம் வெளியேறும் திசைக்கு நேர் எதிராக, கிளை விட்ட மரங்களைப் போன்ற படிகங்கள் உள்நோக்கி வளர்கின்றன. டென்ட்ரைட் எனப்படும் இவை வரிசையாக நெருங்கி வளரும்போது தூண் படிக வலயம் உருவாகிறது. நான்கு பக்கத்திலிருந்தும் வளரும் தூண்கள் நடுவில் சந்திக்கும்போது, அவை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் சந்திப்பதில்லை. ஓரிடத்தில் முந்திக்கொண்டு இருபுறத் தூண்களும் கைகோத்துவிட்டால், அதற்குக் கீழே சிறைப்பட்ட திரவத்துக்கு மேலிருந்து புதிய எஃகு வந்து சேர வழி அடைபடுகிறது. எஃகு உறையும்போது மூன்று, நான்கு விழுக்காடு சுருங்கும். அந்தச் சுருக்கத்தை ஈடுசெய்யத் திரவம் வராததால் துளை விழுகிறது. அத்துளையை நோக்கிச் சுற்றிலும் உள்ள கழிவுத் தனிமங்கள் செறிந்த திரவம் உறிஞ்சப்படுகிறது. கட்டையை நீளவாக்கில் அறுத்து அமிலத்தில் தோய்த்தால், நடுவச்சு நெடுக ஆங்காங்கே கரும்புள்ளிகளும் துளைகளும் தெரிவது இதனால்தான். ஆலைகளில் கந்தக அச்சு என்று ஒரு பழைய சோதனையும் உண்டு. கந்தக அமிலத்தில் நனைத்த புகைப்படத் தாளை அறுத்த முகத்தின்மேல் ஒட்டி எடுத்தால், கந்தகம் திரண்ட இடமெல்லாம் பழுப்பாகப் பதிந்துவரும். கருவிகள் எத்தனையோ வந்த பின்னும், வார்ப்பின் உட்புறக் கதையை அந்தத் தாளைப் போல் ஒரே பார்வையில் சொல்லும் சோதனை அரிது என்பது என் கருத்து.

இந்தக் குறை எல்லா எஃகிலும் ஒரே அளவு ஆபத்தானதன்று. சிங்கப்பூரில் எஃகு வார்ப்பு என்றால் நினைவுக்கு வருவது 1961இல் தொடங்கப்பட்டு 1963இல் உற்பத்தியைத் தொடங்கிய தேசிய இரும்பு எஃகு ஆலை. ஜூரோங் தொழிற்பேட்டையில் எழுந்த முதல் தொழிற்சாலை அது. உடைக்கப்பட்ட கப்பல்களின் பழைய இரும்பும் அதற்கு மூலப்பொருளாயிற்று. நாட்ஸ்டீல் என்ற பெயரில் அறியப்படும் அந்த நிறுவனத்தின் முதன்மைப் பொருள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளிலும் பாலங்களிலும் கான்கிரீட்டுக்குள் புதையும் கட்டுமானக் கம்பி. அத்தகைய பற்றவைக்கத்தக்க கம்பியில் கார்பன் ஏறத்தாழ 0.2 விழுக்காடுதான். கார்பன் குறைவாக இருப்பதால் நடுவில் சற்றுத் திரண்டாலும் எஃகு நொறுங்கும் தன்மை பெறுவதில்லை. உருட்டாலையில் பலமுறை அழுந்தி வரும்போது நடுத்துளைகளும் பெரும்பாலும் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே சாதாரணக் கட்டுமானக் கம்பி வாங்குபவர் மையத் திரட்சியை எண்ணிக் கவலைப்படுவது வீண். அந்த வகை எஃகில் கலக்கல் கருவி இருந்தால், அதன் பயன் தோலுக்கு அடியில் வரும் வாயுக் குமிழ்களைக் குறைப்பதிலும், சற்றுக் கூடுதல் வெப்பத்தோடு எஃகு வந்தாலும் வார்ப்பைத் தடையின்றி நடத்துவதிலும்தான் அதிகம் தெரியும்.

முன்தகைவுக் கான்கிரீட்டில் பயன்படும் வடங்களின் நிலை முற்றிலும் வேறு. எம்ஆர்டி ரயில் ஓடும் உயர்பாதைகளின் கான்கிரீட் கட்டுறுப்புகளை இறுக்கிப் பிடித்திருப்பவை ஏழு இழைகள் முறுக்கிய எஃகு வடங்கள். அவற்றில் கார்பன் ஏறத்தாழ 0.8 விழுக்காடு, இழுவலிமை 1,860 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். கட்டுமானக் கம்பியின் வழக்கமான தரமோ 500 மெகாபாஸ்கல் நெகிழ்வுவலிமை (மீளாமல் நீளத் தொடங்கும் அளவு) கொண்டது. வடத்துக்கான இழை, 12 மில்லிமீட்டரை ஒட்டிய உருட்டுக் கம்பியைப் படிப்படியாக அச்சுத் துளைகளின் வழியே இழுத்து, 4, 5 மில்லிமீட்டர் அளவுக்கு மெலியச் செய்து பெறப்படுவது. நடுவச்சில் கார்பனும் மாங்கனீசும் திரண்டிருந்தால், அவ்விடத்தில் சிமெண்டைட் எனும் இரும்புக் கார்பைடு வலையோ மார்டென்சைட் எனும் கடின எஃகு வடிவத்தின் திட்டுகளோ, எளிதில் உடையக்கூடியவையாக, உருவாகியிருக்கும். இழுக்கும்போது சுற்றிலும் உள்ள எஃகு நீள, நடுப்பகுதி மட்டும் நீள மறுத்து உள்ளுக்குள் வெடிக்கிறது. அறுந்த முனைகளைப் பார்த்தால் ஒரு பக்கம் கிண்ணமும் மறுபக்கம் கூம்புமாக இருக்கும். கம்பி இழுக்கும் ஆலைக்காரர்கள் அந்த வடிவத்தைக் கண்டவுடனே வார்ப்பு ஆலையைக் குற்றம் சொல்வது பெரும்பாலும் நியாயமே.

தூண் படிகங்கள் நடுவில் சந்திப்பதைத் தடுத்துவிட்டால் சிக்கலின் பெரும்பகுதி தீரும். அதற்கு நடுப்பகுதி முழுவதும் திசையற்ற சிறு மணிகளாக, சமஅச்சுப் படிகங்களாக, உறைய வேண்டும். எஃகை உறைநிலைக்கு மிக அருகிலான வெப்பத்தில் வார்த்தால் இது தானாகவே நிகழும். ஆனால் அவ்வளவு குளிர்ந்த எஃகு டண்டிஷின் குழாயிலேயே உறைந்து வார்ப்பை நிறுத்திவிடும் அபாயம் உண்டு. ஆகவே ஆலைகள் உறைநிலைக்கு மேல் 20, 30 டிகிரி மிகைவெப்பத்தை வைத்துக்கொண்டு, அதை அச்சுக்குள் விரைவாக வெளியேற்றுவதற்கு வழி தேடின. கலக்கல் அந்த வழி. கரண்டியையோ துடுப்பையோ உள்ளே விட முடியாது; 1,500 டிகிரியில் அவை கரைந்து எஃகையும் மாசுபடுத்தும். ஓடு மூடிய பிறகு உள்ளே எதையும் செலுத்தவும் இயலாது. ஓட்டையும் அச்சையும் ஊடுருவிச் செல்லக்கூடிய விசை காந்தப்புலத்திடம் மட்டுமே இருக்கிறது.

அந்த விசையின் பிறப்பை விளக்க 1824க்குச் செல்ல வேண்டும். சுழலும் செப்புத் தட்டின் அருகே தொங்கவிட்ட காந்த ஊசி, செப்பு காந்தப்பொருள் இல்லாதபோதும், தட்டோடு சேர்ந்து சுழல்வதைப் பிரான்சின் அராகோ கண்டார். காரணத்தை 1831இல் ஃபாரடே சொன்னார்: மாறும் காந்தப்புலம் எந்தக் கடத்திக்குள்ளும் மின்னோட்டத்தைத் தூண்டும், தூண்டப்பட்ட அந்த மின்னோட்டத்தின்மீது அதே புலம் விசை செலுத்தும். 1880களில் இத்தாலியின் கலிலியோ ஃபெராரிஸும் அமெரிக்காவில் நிக்கோலா டெஸ்லாவும் அசையாத சுருள்களில் கட்டம் மாறிய மின்னோட்டங்களைச் செலுத்திக் காந்தப்புலத்தையே சுழல வைத்தனர். தூண்டல் மோட்டார் அப்படிப் பிறந்தது. தொடர் வார்ப்பு அச்சைச் சுற்றி வைக்கப்படும் கலக்கல் கருவி, சுழலகம் திரவமாக இருக்கும் ஒரு தூண்டல் மோட்டாரேயன்றி வேறில்லை. எஃகு காந்தத்தால் ஈர்க்கப்பட வேண்டிய தேவை இங்கே இல்லை. அது மின்னைக் கடத்தினால் போதும்; உருகிய எஃகு நன்றாகவே கடத்துகிறது.

விசையின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது சுவையானது. நொடிக்கு 4 முறை சுழலும் 0.05 டெஸ்லா புலத்தை 130 மில்லிமீட்டர் பில்லெட்டுக்குச் செலுத்துவோம். மருத்துவமனை எம்ஆர்ஐ கருவியின் 1.5 டெஸ்லாவோடு ஒப்பிட்டால் இது முப்பதில் ஒரு பங்குதான். உருகிய எஃகின் கடத்துதிறனை மீட்டருக்கு 7 லட்சம் சீமென்ஸ் என்று கொண்டால், கட்டையின் விளிம்பில் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 1,400 நியூட்டன் விசை கிடைக்கிறது. அதே கனமீட்டர் எஃகின் எடை ஏறத்தாழ 68,000 நியூட்டன். அதாவது எடையில் ஐம்பதில் ஒரு பங்கு விசையே திரவத்தைச் சுழற்றுகிறது. உருகிய எஃகு அடர்த்தியில் தண்ணீரைப் போல் ஏழு மடங்கு என்றாலும் ஓடும் இலகுவில் தண்ணீருக்கு ஏறக்குறைய நிகரானது என்பதால் இந்தச் சிறு விசை போதுமானதாகிறது. விளிம்பில் நொடிக்கு அரை மீட்டர் வேகம் என்றால், திரவம் நிமிடத்துக்கு எழுபது சுற்றுகளுக்குச் சற்று மேல் சுழல்கிறது. புலம் சுழல்வதோ நிமிடத்துக்கு 240 சுற்று. இந்த இடைவெளி இருந்தாக வேண்டும். திரவம் புலத்தை எட்டிப் பிடித்துவிட்டால் அதற்குள் மாறும் புலம் என்று எதுவும் இராது, தூண்டலும் நின்றுவிடும்.

ஏன் 4 ஹெர்ட்ஸ்? சிங்கப்பூரின் மின்கட்டமைப்பு தருவது 50 ஹெர்ட்ஸ். அதையே நேராகச் செலுத்தினால் அதிர்வெண்ணை மாற்றும் கருவிகளின் செலவு மிச்சமாகுமே என்று கேட்கத் தோன்றும். தடை செப்பு அச்சிடமிருந்து வருகிறது. மாறும் புலம் ஒரு கடத்திக்குள் நுழையும்போது ஆழம் கூடக் கூட வலுவிழக்கிறது. அந்த ஆழம் அதிர்வெண்ணின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். தூய செப்பில் 50 ஹெர்ட்ஸ் புலம் 9 மில்லிமீட்டரிலேயே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத் தேய்ந்துவிடும். 5 ஹெர்ட்ஸில் அந்த ஆழம் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர். பில்லெட் அச்சின் சுவரே 10 முதல் 20 மில்லிமீட்டர் கனம் கொண்டது. எனவே 50 ஹெர்ட்ஸில் ஆற்றலின் பெரும்பகுதி செப்பைச் சூடாக்குவதிலேயே போய்விடும். மறுபுறம், அதிர்வெண்ணை மிகக் குறைத்தால் தூண்டப்படும் மின்னோட்டமும் குறையும். விசை புலத்தின் வர்க்கத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கியே வருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே அச்சுக் கலக்கலுக்குப் பெரும்பாலும் 2 முதல் 10 ஹெர்ட்ஸுக்குள் ஓர் உச்சம் அமைகிறது. மின்னணு மாற்றிகள் மலிவானபோது இந்த உச்சத்தில் கருவியை இயக்குவது எளிதாயிற்று. செப்பை விடக் கடத்துதிறன் குறைந்த செப்புக் கலவைகளை அச்சுக்குத் தேர்ந்தெடுப்பதும் இந்தக் கணக்கின் ஒரு பகுதியே.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1940களில் சுவீடனின் ஆசியா (ASEA) எனும் மின்கருவி நிறுவனம் மின்வில் உலையின் அடியில் சுருள் வைத்து உருகிய எஃகைக் கலக்கத் தொடங்கியது. அந்நிறுவனம் 1988இல் பிரவுன் பொவேரியோடு இணைந்து ஏபிபி ஆயிற்று. 1950களில் ஜெர்மனியில் தொடர் வார்ப்பின் முன்னோடியான சீக்ஃப்ரீட் ஜங்கன்ஸ் தொடர்புடைய சோதனைகளில் வார்ப்புக் கட்டையைக் கலக்கும் முயற்சி தொடங்கியது. தொழில்முறையில் அது வேரூன்றியது 1970களில். பிரான்சும் ஜப்பானும் அதில் முன்னின்றன.

கருவியை எங்கே வைப்பது என்பதில்தான் தொழிலின் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அச்சிலேயே வைத்தால், சுழலும் எஃகு ஓட்டின் உட்சுவரை இடைவிடாமல் கழுவிக்கொண்டு, மிகைவெப்பத்தை அங்கேயே கைவிடுகிறது. அந்தக் கழுவலில் டென்ட்ரைட்டுகளின் பக்கக் கிளைகள் பிரிந்து திரவத்தில் மிதக்கின்றன. கிளைகள் ஒடிகின்றன என்று சொல்வது வழக்கம் என்றாலும், திரவ ஓட்டத்தின் விசை மட்டும் அவற்றை ஒடிக்கப் போதாது. கிளையின் அடிப்பகுதி மெலிந்தது; அங்கே கழிவுத் தனிமங்களும் செறிந்திருப்பதால் உருகுநிலையும் குறைவு. ஓட்டம் கொண்டுவரும் வெப்பமும் செறிந்த திரவமும் அந்தக் கழுத்தை உருக்க, கிளை கழன்று வருகிறது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். கழன்ற துணுக்குகள் உருகாமல் பிழைத்திருக்க வேண்டுமானால் நடுத் திரவம் ஏற்கெனவே குளிர்ந்திருக்க வேண்டும். கலக்கல் இரண்டு வேலையையும் ஒருங்கே செய்கிறது: துணுக்கையும் தருகிறது, அது வாழும் சூழலையும் தருகிறது. பிழைத்த துணுக்குகள் கீழே இறங்கிச் சமஅச்சுப் படிகங்களாக வளர்ந்து நடுப்பகுதியை நிரப்பி, தூண்களின் வளர்ச்சியை மறிக்கின்றன.

ஆனால் சமஅச்சுப் படிகங்கள் மட்டும் மையத் திரட்சியை ஒழித்துவிடுவதில்லை. மணிகள் நெருங்கிய பிறகு அவற்றின் இடுக்குகளில் செறிந்த திரவம் கீழ்நோக்கி உறிஞ்சப்பட்டு, நீளவெட்டில் ஆங்கில வி எழுத்தின் வடிவில் கோடுகளாகத் தெரியும். 0.8 விழுக்காடு கார்பன் எஃகில் இது கூடுதல். அதற்காக, திரவ மையம் முடிவதற்குச் சற்று முன்பாக இரண்டாவது கருவியை வைக்கிறார்கள். இறுதிக் கலக்கல் எனப்படும் இதன் சிரமம், இடம் பிசகினால் பயனே இல்லாமல் போய்விடுவது. மிக முன்னதாக வைத்தால், கலக்கி முடிந்த பின் திரவம் பழையபடி செறியும். பின்னதாக வைத்தால், மையம் களியாக இறுகியிருப்பதால் அசையாது. திரவ மையத்தின் நீளம் வார்ப்பு வேகத்துக்கு நேர்விகிதம் என்பதால், முன் சொன்ன 16 மீட்டர் மையம், வேகம் பத்து விழுக்காடு கூடினாலே 1.6 மீட்டர் தள்ளிப்போகும். கருவியின் நீளமோ பொதுவாக அதைவிடக் குறைவு. எனவே இறுதிக் கலக்கல் உள்ள ஆலையில் வேகத்தை ஒரே சீராக வைத்திருப்பது கருவியைப் போலவே முக்கியம். கருவி இருக்கிறது என்ற விளம்பர வாசகத்தை மட்டும் வைத்து எஃகின் தரத்தை முடிவுசெய்வது சரியாக இராது என்று சொல்வது இதனால்தான்.

மிகுதியான கலக்கலின் தடயத்தை எஃகே காட்டிக்கொடுக்கும். கலக்கும் கருவிக்கு நேராக உறைந்துகொண்டிருந்த எல்லையில் ஓட்டம் வலுத்தால், டென்ட்ரைட்டுகளின் இடையே தேங்கியிருந்த செறிந்த திரவம் வெளியே கழுவப்பட்டு, அந்த வளையத்தில் கார்பன் சராசரியைவிடக் குறைந்துவிடுகிறது. அமிலத்தில் தோய்த்த குறுக்குவெட்டில் அது வெளிறிய வளையமாகத் தெரியும். வெண்பட்டை என்று பெயர். கழுவப்பட்ட கார்பன் எங்கும் தொலைந்துவிடவில்லை, நடுவை நோக்கித்தான் சென்றிருக்கிறது. அச்சுக்கும் இறுதிக்கும் இடைப்பட்ட பகுதியில் கருவி வைத்து வலுவாகக் கலக்கும் முறையில் இந்தக் குறை எளிதில் வரும். அதிகக் கார்பன் பில்லெட்டுகளுக்கு அச்சிலும் இறுதியிலும் பிரித்துக் கலக்கும் முறை விரும்பப்படுவதற்கு அது ஒரு காரணம்.

மேற்பரப்பில் இன்னொரு முரண் உண்டு. திறந்த ஓடையாக எஃகு விழுந்து, எண்ணெய் பூசிய அச்சில் வார்க்கப்படும் முறையில், மேற்பரப்பு வரை சுழன்றால் நல்லது. தோலுக்கடியில் சிக்கும் குமிழ்களும் மாசுகளும் நடுவை நோக்கி ஒதுங்கி மேலே வருகின்றன. உயர்தர எஃகோ, காற்று படாமல் இருக்க, மூழ்கிய குழாயின் வழியே இறக்கப்பட்டு அச்சுத்தூளால் மூடப்படுகிறது. அங்கே மேற்பரப்பு வேகமாகச் சுழன்றால், நடுவில் குழிந்து, தூள் உள்ளே இழுபட்டு எஃகில் சிக்கும், குழாயும் அரிக்கப்படும். ஒரே அச்சில் இரண்டு சுருள்களை வைத்து, கீழ்ச் சுருள் வலுவாகக் கலக்கும்போது மேல் சுருள் எதிர்த்திசையில் மெல்ல இழுத்து மேற்பரப்பை அடக்கும் ஏற்பாடு இதற்குத் தீர்வாக வந்தது.

இந்த அடக்கும் வேலையே தனித் தொழிலாக வளர்ந்தது ஸ்லாப் எனும் அகன்ற பலகை வார்ப்பில்தான். மாறாத காந்தப்புலத்தின் குறுக்கே ஓடும் கடத்தித் திரவத்தில் எழும் மின்னோட்டம் அந்த ஓட்டத்தையே எதிர்க்கும். பாதரசத்தை வைத்து டென்மார்க்கின் ஹார்ட்மன் 1937இல் ஆராய்ந்த இந்த விளைவைப் பயன்படுத்தி, குழாயிலிருந்து பீறிடும் எஃகுத் தாரையைத் தடுத்து நிறுத்தும் மின்காந்தத் தடைகள் 1980களில் வந்தன. கலக்கலும் தடையும் ஒரே இயற்பியலின் இரண்டு கைகள். புலம் நகர்ந்தால் திரவத்தை இழுத்துச் செல்கிறது. நின்றால் திரவத்தையும் நிற்கச் சொல்கிறது.

சிங்கப்பூரில் இந்த இரண்டாவது கைக்கு எஃகைவிடப் பெரிய தொழில் ஒன்றில் வேலை இருக்கிறது. தெம்பனிசில் சில்ட்ரோனிக் நிறுவனம் மின்னணுச் சில்லுகளுக்கு அடித்தளமான 300 மில்லிமீட்டர் சிலிக்கான் வேஃபர்களை, அதாவது மெல்லிய வட்டத் தகடுகளை, செய்கிறது. 2024இல் அங்கே புதிய ஆலையையும் திறந்தது. வேஃபராக அறுக்கப்படும் ஒற்றைப் படிகம், குவார்ட்ஸ் கலத்தில் உருகிய சிலிக்கானிலிருந்து மெதுவாக இழுத்து வளர்க்கப்படுவது. அறை வெப்பத்தில் குறைகடத்தியான சிலிக்கான், 1,414 டிகிரியில் உருகியதும் உலோகமாகிவிடுகிறது. அப்போது அதன் கடத்துதிறன் உருகிய எஃகினுடையதைவிட அதிகம். கலத்தின் சுவரிலிருந்து கரையும் ஆக்சிஜனை வெப்பச் சுழற்சி படிகத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. சுழற்சியின் ஏற்ற இறக்கம் படிகத்தில் வரிகளாகப் பதிகிறது. பெரிய கலங்களில் இந்தக் கொந்தளிப்பைத் தணிக்க 0.1 முதல் 0.4 டெஸ்லா வரையிலான மாறாப் புலத்தைச் செலுத்தும் முறை 1980 முதல் வளர்ந்து இன்று உலகத் தொழிலில் பரவலாகியிருக்கிறது. வார்ப்பு எஃகில் துணுக்குகள் பல்கிப் பெருக வேண்டும் என்று கலக்குகிறோம். ஒற்றைப் படிகத்தில் ஒரு துணுக்குகூடத் தோன்றக் கூடாது என்று அடக்குகிறோம்.

அலுமினிய உலைகளிலும் கலக்கல் கருவிகள் உண்டு. உருகிய அலுமினியம் எஃகைவிடப் பன்மடங்கு நன்றாகக் கடத்தும், எடையும் மூன்றில் ஒரு பங்கு என்பதால் அதை அசைப்பது எளிது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஸ்பென்சர், மெஹ்ராபியன், ஃபிளெமிங்ஸ் ஆகியோர், உறையும்போது கலக்கப்பட்ட உலோகக்கலவை பாதி இறுகிய பிறகும் குழம்பாக ஓடுவதைக் காட்டினர். அந்தக் குழம்பை அச்சில் அழுத்தி உறுப்புகள் செய்யும் முறைக்குத் தேவையான அலுமினியக் கட்டைகளை மின்காந்தக் கலக்கலோடு வார்த்தார்கள்.

ஒளிபுகாத, 1,500 டிகிரியில் தகிக்கும் திரவத்துக்குள் ஓட்டம் எப்படி இருக்கிறது என்பதை நேரில் அளக்க இயலாது. ஆய்வுக்கூடங்கள் அதற்குக் காலியம், இண்டியம், வெள்ளீயம் சேர்ந்த கலவையைப் பயன்படுத்துகின்றன. ஏறத்தாழ 11 டிகிரியிலேயே அது திரவம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர் ஆய்வு மையத்தில் இத்தகைய கலவைகளைக் கொண்டு தொடர் வார்ப்பின் சிற்றுருவம் அமைத்து, மீயொலியால் வேகத்தை அளந்துவருகிறார்கள். தூய காலியம் உருகுவதும் 29.8 டிகிரியில்தான்; சிங்கப்பூரின் நண்பகலில் வெளியே வைத்தால் அடுப்பே இல்லாமல் உருகிவிடும். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்குச் சுழலும் புலத்தைக் காட்டுவதற்கு இதைவிட வசதியான திரவ உலோகம் கிடைப்பது கடினம்.

வாங்குபவரின் மேசைக்கு வரும் ஆலைச் சான்றிதழில் கார்பன், மாங்கனீசு, கந்தகம் என்று வரிசையாக எண்கள் இருக்கும். அவை வழக்கமாகக் கொப்பரையிலோ டண்டிஷிலோ எடுத்த மாதிரியின் எண்கள். உறைதல் தொடங்குவதற்கு முந்தையவை. மையத் திரட்சியோ வெண்பட்டையோ நடுத்துளையோ அவற்றில் இடம்பெற வாய்ப்பே இல்லை. இழுவைச் சோதனையும் முழுக் குறுக்குவெட்டின் சராசரியைச் சொல்லுமேயன்றி நடுவச்சைத் தனியே காட்டாது. கட்டுமானக் கம்பிக்கு இந்தச் சான்றிதழ் போதும். முன்தகைவு வடத்துக்கான உருட்டுக் கம்பியையோ இயந்திர உறுப்புக்கான உயர்கார்பன் எஃகையோ வாங்குபவர், பில்லெட்டின் அமிலத் தோய்வுப் படத்தையும், உருட்டுக் கம்பியின் நடுப்பகுதித் திரட்சிக்கான மதிப்பீட்டையும், அந்த உருக்கை வார்த்தபோது இருந்த மிகைவெப்பத்தையும், வார்ப்பு வேகப் பதிவையும் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்கலாம். தரம் பேணும் ஆலைகள் அவற்றைத் தங்களுக்காக எப்படியும் வைத்திருக்கும். வேகம் பாதியில் மாறிய கட்டைகளை எப்படிப் பிரித்து ஒதுக்குகிறார்கள் என்ற கேள்வியையும் அதோடு சேர்த்துக் கேட்டால், இறுதிக் கலக்கல் கருவி அந்த ஆலையில் உண்மையில் வேலை செய்கிறதா என்பது பதிலிலிருந்தே தெரிந்துவிடும்.